அடுத்த வீடு கிடைக்கும் வரை



1959-ஆம் வருடத்து மழையில் சென்னை தியாகராய நகர்த் தெருவில் வெள்ளம். அதில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளைக் கேப்டன் வி. சுந்தரம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவரும் விமானி, அவர் மனைவி உஷாவும் விமானி. இன்று நாடறிந்த புளூ கிராஸ் ஆஃப் இந்தியா அப்படித்தான் ஆரம்பித்தது. முறைப்படி பதிவானது 1964-இல். தொடக்கத்தில் காப்பகம் என்பதே அந்தக் குடும்பத்தின் வீடுதான்.

இப்போது காப்பகங்கள் இருக்கின்றனவே, வீடு எதற்கு என்று கேட்கலாம். ஒரு காரணம், பார்வோ என்கிற வைரஸ். தடுப்பூசி போடாத குட்டிகளுக்கு வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாக வந்து, இரண்டு மூன்று நாளில் ஆளையே சாய்த்துவிடும். எங்கிருந்தோ மீட்ட ஒரு குட்டி அதைக் கொண்டுவந்தால், அடுத்தடுத்த கூண்டுகளில் இருக்கும் குட்டிகள் எல்லாவற்றுக்கும் ஆபத்து. காப்பகத்தின் மேல் தப்பில்லை. நூறு நாய்களை ஓரிடத்தில் வைத்தால் அப்படித்தான். அந்தக் குட்டி சில வாரம் ஒரு வீட்டுக் கொல்லையில் தனியாக இருந்தாலே பிழைக்கிற வாய்ப்பு கூடும். கால் ஒடிந்து கட்டுப்போட்ட நாய்க்கும், மனிதர்களைக் கண்டாலே மூலையில் ஒடுங்குகிற நாய்க்கும் இதே கதைதான். வேறொரு நல்ல வீடு அமைகிற வரை வைத்திருந்து, அமைந்ததும் அனுப்பிவிடுவது. அவ்வளவுதான் இந்த வேலை.

நம் தஞ்சாவூர்ப் பக்கத்துக்கு வருகிறேன். சம்பா அறுவடை முடிகிற தை, மாசியில் தெருவெங்கும் குட்டிகள். முன்பெல்லாம் வைக்கோல் போரின் அடியில் குடைந்து பெட்டை நாய் குட்டி போடும். கதகதப்பு, மறைவு, பக்கத்திலேயே மனுஷ வாடை. இப்போது இயந்திரம் அறுத்துப் போட்ட வைக்கோலை உருளையாகச் சுருட்டி லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். போரும் இல்லை, களமும் குறைந்துவிட்டது. நாய் போய் வாய்க்கால் மதகடியில் குட்டி போடுகிறது. ஆனால் அங்கே குட்டிகளைக் கண்டதும் அள்ளிக்கொண்டு வந்துவிடாதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கும். சில மணி நேரம் தள்ளி நின்று பாருங்கள். எட்டு வாரமாவது தாயிடம் இருந்த குட்டிதான் பின்னால் கடிக்காமல், பயப்படாமல் வளரும். தாய் அடிபட்டுச் செத்துவிட்டது, திரும்பவே இல்லை என்றால் மட்டும் எடுங்கள்.

எடுத்த அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. குடற்புழு மருந்து, உண்ணிக்கு மருந்து, ஆறாவது எட்டாவது வாரத்தில் தொடங்கி மூன்று நான்கு வார இடைவெளியில் தடுப்பூசிகள், மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி. நம் ஊருக்கென்று ஒன்று தனியாகக் கேளுங்கள்: எலிக்காய்ச்சல். வயல் எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரை நாய் குடித்தால் அதற்கும் வரும், அதனிடமிருந்து நமக்கும் வரலாம். நாய்க்கு அதற்குத் தடுப்பூசி உண்டு. ஊசி போடாத குட்டி விளையாட்டாகக் கீறினாலும் கடித்தாலும், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மஞ்சள் வைப்பது, சுண்ணாம்பு தடவுவது எல்லாம் வேண்டாம். வெறிநோய் அறிகுறி காட்டிவிட்டால் பிழைப்பது அரிது.

சாப்பாட்டில் ஒரு தவறு நம் வீடுகளில் வழக்கமாக நடக்கும். மீந்த சாம்பார் சோற்றை நாய்க்கு வைப்போம். அதில் கிடக்கிற சின்ன வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வெறும் சோறு, அவித்த முட்டை, எலும்பு நீக்கிய கறி போதும். வெந்த கோழி எலும்பு சிலாம்பாக உடைந்து குடலில் குத்தும்.

வீட்டுக்கு வந்த முதல் சில நாள் குட்டி ஒழுங்காகச் சாப்பிடாது. கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டு எட்டிப் பார்க்கும். விட்டுவிடுங்கள். பிள்ளைகளைக் கூட்டிவந்து வேடிக்கை காட்டாதீர்கள். மார்கழி விடியலில் கோயில் ஒலிபெருக்கி போட்டதும் சில குட்டிகள் ஊளையிடும். அதற்கும் பழகிவிடும், நாம் பழகவில்லையா!

இனி அனுப்புகிற விஷயம். குட்டி வேண்டும் என்று வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "கடுவனா, பொட்டையா?" பொட்டை என்றதும் முகம் மாறிவிடும். பொட்டைக் குட்டிகளைக் கோணியில் கட்டிச் சந்தை ஓரத்திலோ ஆற்றங்கரையிலோ விட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. பருவத்துக்கு வந்தால் தெரு நாய்கள் வாசலில் கூடும், வருடம் ஒரு ஈத்து என்று கவலைப்படுகிறார்கள். கவலை நியாயம்தான், ஆனால் விடை இருக்கிறது. சுமார் ஆறு மாதத்தில் கருத்தடை செய்துவிட்டால் இந்த இரண்டும் இல்லை. சென்னை மாநகராட்சி 1996-லிருந்தே தெருநாய்களைக் கொல்வதை விட்டுக் கருத்தடைக்கு மாறிவிட்டது. இதை விளக்கிச் சொல்ல வளர்த்தவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. ராத்திரி எப்படிக் காவல் இருக்கிறது, யாரைப் பார்த்தால் குலைக்கிறது, பூனையோடு ஒத்துப்போகிறதா என்றெல்லாம் கூண்டின் முன்னால் நிற்கிற காப்பக ஊழியருக்கு எப்படித் தெரியும்?

நம்மிடமே இருக்கட்டுமே என்று தோன்றும். தோன்றாவிட்டால்தான் ஆச்சரியம். ஆட்டையும் கன்றையும் பங்குக்கு வளர்த்து, வளர்ந்ததும் உரியவர் வாசலில் கொண்டு கட்டிவிட்டு வந்தவர்கள் நம் ஊர்க்காரர்கள். அந்த மனசுதான் இதற்கும் வேண்டும். ஒன்றை நிறுத்திக்கொண்டால் அடுத்த குட்டிக்கு நம் கொல்லை அடைபட்டுவிடும். அதே நேரம், யார் கேட்டாலும் தள்ளிவிடவும் கூடாது. போகப்போகிற வீட்டை நேரில் பாருங்கள். நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போடுவார்கள் என்று தெரிந்தால், இல்லை என்று சொல்லிவிடலாம். மனஸ்தாபம் வந்தால் வரட்டும்.

தெருநாயைத் தத்தெடுத்தவர் அதை மறுபடி தெருவுக்கு அனுப்பிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 2025 ஆகஸ்ட் 22-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. எனவே கொடுக்கும்போதே பேசி முடித்துவிடுங்கள்: ஒத்துவரவில்லை என்றால் நாய் எங்கள் வீட்டுக்குத்தான் திரும்ப வர வேண்டும், வேறெங்கும் போகக் கூடாது. தடுப்பூசி அட்டையின் பின்பக்கம் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுங்கள். நாய் படுத்திருந்த சாக்கையும் கூடவே அனுப்புங்கள். பழகிய வாடை இருந்தால் புது வீட்டில் முதல் ராத்திரி கொஞ்சம் தூங்கும். கடைசியாக ஒன்று: அனுப்பிய குட்டிக்கு உங்கள் வீட்டில் பார்வோ வந்திருந்தால், தரையைப் பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவிவிட்டு, அடுத்த குட்டியை உடனே எடுக்காதீர்கள். அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் இருக்கும். தடுப்பூசியெல்லாம் போட்டு முடித்த பெரிய நாயாக இருந்தால் வரலாம்.