பாதி எழுதிய வரிக்கும் ஒரு மரம்

கணினியில் நிரல் எழுதுகிறவரின் திரையைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சொல் நீலம், ஓர் எண் சிவப்பு, குறிப்புரை சாம்பல் என்று வண்ணம் வண்ணமாக இருக்கும். எது எது என்று, நிரல் எழுதும் மென்பொருளான எடிட்டருக்கு எப்படித் தெரிகிறது? வெகுகாலம் எழுத்துகளின் சாயலைப் பார்த்து ஊகித்ததுதான். ஊகம் பிசகினால் வண்ணமும் பிசகும்.

பிசகாமல் இருக்க, வரியை இலக்கணப்படி பிரித்து மரமாகக் கட்ட வேண்டும். ‘இரண்டு கூட்டல் மூன்று பெருக்கல் நான்கு’ என்பதைப் பைத்தான் மொழியோடு வரும் ஏஎஸ்டி என்ற லைப்ரரியிடம் கொடுத்துப் பாருங்கள். மர உச்சியில் கூட்டல் நிற்கும். அதன் இடக்கிளையில் இரண்டு. வலக்கிளையில் பெருக்கல், அதன்கீழ் மூன்றும் நான்கும். விடை 20 ஆகாமல் 14 ஆவது இந்த வடிவத்தால்தான்.

கடைசியில் உள்ள ‘நான்கு’ என்பதை மட்டும் அழித்துவிடுங்கள். இலக்கணப் பிழை என்று ஏஎஸ்டி கைவிரித்துவிடும். அரை மரம்கூடக் கிடைக்காது. நிரலை ஓட்டுவதற்கு அந்தக் கண்டிப்பு வேண்டியதுதான். எடிட்டருக்கு அது ஒத்துவராது. தட்டிக்கொண்டிருக்கும்போது நிரல் பெரும்பாலும் அரைகுறையாகத்தானே இருக்கும்!

இந்தச் சிக்கலுக்கென்றே வந்தது ட்ரீ-சிட்டர் என்ற லைப்ரரி. கிட்ஹப் நிறுவனத்தின் ஆட்டம் எடிட்டர் குழுவில் இருந்த மாக்ஸ் பிரன்ஸ்ஃபெல்ட் உருவாக்கியது. புரியாத துண்டுக்கு மட்டும் ‘பிழை’ என்று பெயரிட்டு மரத்திலேயே வைத்துக்கொள்ளும். மூடும் அடைப்புக்குறி விடுபட்டிருந்தால், ‘இங்கே ஒன்று இல்லை’ என்று குறித்துக்கொண்டு மேலே போகும். சில சமயம் பிழையைத் தப்பான இடத்தில் காட்டுவதும் உண்டு. மரமே இல்லாததற்கு அது எவ்வளவோ மேல் என்பது என் கட்சி.

அதைவிடக் கெட்டிக்காரத்தனம் ஒன்று உண்டு. ஆயிரம் வரியில் ஓர் எழுத்தை மாற்றினால், எல்லாவற்றையும் முதலிலிருந்து பிரிப்பதில்லை. மாறிய இடத்தை எடிட்டர் சொல்லிவிட்டால், பழைய மரத்தில் தொடாத கிளைகளை அப்படியே எடுத்துக்கொள்ளும். எடிட்டர் இடத்தைத் தப்பாகச் சொன்னால் மரமும் கோணல்தான்.

ஆட்டம் எடிட்டரை 2022 டிசம்பரில் மூடிவிட்டார்கள். ட்ரீ-சிட்டர் மூடப்படவில்லை. அதற்கு முன்பே, 2021-இல், நியோவிம் என்ற எடிட்டர் அதைச் சேர்த்துக்கொண்டிருந்தது. 2023-இல் ஈமாக்ஸ் எடிட்டரும் சேர்த்துக்கொண்டது. ஒரு புது நிரல்மொழி வந்தால் மட்டும் யாராவது உட்கார்ந்து அதற்கான இலக்கணக் கோப்பை எழுதித்தர வேண்டும். அதுவரை ட்ரீ-சிட்டருக்கு அந்த மொழி தெரியாது.