சங்கத்தில் யாருக்கு நாற்காலி?

(கெடார் கூட்டத்தில் பேசியது)



மனநல மறுவாழ்வுத் தொழிலில் இருக்கிறவர்களின் வட்டாரச் சங்கத்துக்கு நான் செயலாளர். சந்தா, ரசீது, ஆண்டறிக்கை. மண்டப வாடகைக்கே பாதிக் காசு போயிடும், அதை விடுங்க. உறுப்பினராகப் பட்டம் வேண்டும் என்கிறது விதி. டாக்டர் வரலாம். நோயாளியைக் குளிப்பாட்டி, சோறூட்டி, மலம் அள்ளுகிற ஆயா வர முடியாது. அந்த ஆயா எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று உங்களுக்கு நான் சொல்லணுமா?

குணமானவருக்கும் இடமில்லை. 1948-இல் நியூயார்க்கில் ஃபவுண்டன் ஹவுஸைத் தொடங்கியதே மனநல ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தவர்கள்தான். இந்தத் தொழிலுக்கு வழிகாட்டுனவங்களுக்கே வாசல்ல நிறுத்தம்!

2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடித் தீ. சங்கிலியில் கிடந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். 2017 சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. ஆனால் 2023 பிப்ரவரியில், இதோ பக்கத்துக் குண்டலப்புலியூர் ஆசிரமத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். வழக்குப் பதிவானது இந்தக் கெடார் ஸ்டேசனில். சங்கம்னு நாங்க இருந்தோம். ஒருநாள் போய்ப் பார்த்தோமா? இப்படிப்பட்ட இடங்களில் கூட்டிப் பெருக்குகிற ஒருத்தர் எங்க கூட்டத்துல உட்கார்ந்திருந்தா, போலீசுக்கு முந்தி எங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

விதியைத் திருத்தத் தீர்மானம் கொடுத்திருக்கிறேன். 'படிக்காதவங்க வந்தா சங்கத்தோட தரம் போயிடும்' என்கிறார் ஒரு மூத்தவர். தரம்! டீக்கடையில் தனிக்குவளை வைத்தவனும் சுத்தம் என்றுதான் சொன்னான்.

அடுத்த மாசம் பொதுக்குழு. ஓட்டு உள்ளவங்க நாலு பேர் இந்தக் கூட்டத்திலேயே இருக்கீங்க. உங்களைத்தான் பார்த்துப் பேசுறேன்.