நூலகர் மாணவரான கதை

(பங்கின் பொன்விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



'நூலகமும் புதிய யுகமும்' என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். நூலகப் பணியிலேயே தலை நரைத்தவன் என்பதால் இந்தப் பொறுப்பு என்மீது விழுந்திருக்கிறது. தலைப்போ பெரியது, நேரமோ இருபது நிமிடம். ஆகவே யுகத்தை அப்படியே விட்டுவிட்டு, ஓர் ஊரில், ஒரு நூலகத்தில் நடந்த ஒரே ஒரு காரியத்தை எடுத்துக்கொண்டு பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் சார்லட் என்று ஒரு நகரம் உண்டு. எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி கொடுத்த நன்கொடையால் 1903-ஆம் ஆண்டில் அங்கே பொது நூலகம் திறக்கப்பட்டது. நூறாண்டு கடந்து, மெக்லன்பர்க் மாவட்டம் எங்கும் கிளைகள் பரப்பி நின்ற அந்த நூலகத்துக்கு 2006-இல் ஒரு புதிய சங்கடம். அது அந்த ஊருக்கு மட்டும் வந்த சங்கடம் அன்று. உலகத்தின் எல்லா நூலகங்களுக்கும் வந்ததுதான். அவர்கள் அதைக் கையாண்ட விதம்தான் புதிது.

என்ன சங்கடம்? அதுவரை இணையம் என்றால் யாரோ சிலர் எழுதி வைப்பார்கள், மற்றவர்கள் பார்ப்பார்கள். 2004, 2005 ஆண்டுகளை ஒட்டி அது தலைகீழாயிற்று. பார்க்கிறவனே எழுதத் தொடங்கினான். தன் நாட்குறிப்பை வலைப்பதிவு என்று ஊரறிய வைத்தான். தான் எடுத்த புகைப்படத்தை ஃபிளிக்கர் என்னும் தளத்தில் ஏற்றினான். தன் வீட்டு அலமாரியிலுள்ள புத்தகங்களை லைப்ரரிதிங் என்னும் தளத்தில் பட்டியலிட்டு, அதே புத்தகங்களை வைத்திருக்கும் முன்பின் தெரியாதவரோடு நட்புக் கொண்டான். இவற்றையெல்லாம் நூலகத்தின் மேசைக்கு முன்னால் நிற்கும் பதினைந்து வயதுப் பிள்ளை அறிந்திருக்கிறது. மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் நூலகர் பெயரைக்கூடக் கேட்டதில்லை. கேட்டால் சொல்ல வேண்டியவர் யார், கேட்க வேண்டியவர் யார்? இடம் மாறிவிட்டது, பாருங்கள்.

இத்தகைய வேளைகளில் நிர்வாகங்கள் வழக்கமாக என்ன செய்யும் என்பதை, உத்தியோகத்தில் இருந்தவர்கள் அறிவீர்கள். வெளியூரிலிருந்து ஒரு நிபுணர் வருவார். ஒரு நாள் பயிற்சி முகாம், நடுவே பிஸ்கட்டும் தேநீரும், முடிவில் சான்றிதழ். மறுநாள் காலையில் எல்லாம் மறந்து போகும். சார்லட் நூலகத்தில் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்த ஹெலீன் புளோவர்ஸ் அம்மையார் அந்த வழியில் போகவில்லை. கனடா நாட்டு நூலகர் ஸ்டீவன் ஆப்ரம் அதே ஆண்டின் தொடக்கத்தில், நூலகர்கள் ஓராண்டில் செய்து பார்க்கத்தக்க 43 காரியங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அதைப் படித்த அம்மையார், தம் நூலகப் பணியாளர்களுக்கென 23 காரியங்களைத் தொகுத்தார். ஒன்பது வாரம் தவணை. 2006 ஆகஸ்டில் தொடங்கினார்கள். 'இருபத்து மூன்று காரியங்கள்' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

வகுப்பு இல்லை, ஆசிரியர் இல்லை, தேர்வும் இல்லை. எல்லாருக்கும் பொதுவாக ஒரு வலைப்பதிவில் வாரந்தோறும் பாடக்குறிப்பு வெளியாகும். அதைப் பார்த்து ஒவ்வொருவரும் தாமே செய்து பார்க்க வேண்டும். தமக்கென்று ஒரு வலைப்பதிவு தொடங்குவது முதல் வாரங்களிலேயே வந்துவிடும். பிறகு செய்ததையெல்லாம் அதிலே எழுத வேண்டும்: இன்று இதைச் செய்தேன், இது விளங்கிற்று, இது விளங்கவில்லை, இது எனக்குப் பிடிக்கவே இல்லை என்று எதையும் எழுதலாம். சொந்தப் பெயரில் எழுதக் கூச்சமா? புனைபெயர் வைத்துக்கொள்ளலாம். இந்தச் சலுகையை அற்பமாக எண்ணாதீர்கள். முப்பது ஆண்டு சர்வீஸ் உள்ள ஒருவருக்குத் தெரியாததைக் கற்பதில் அவ்வளவு பயமில்லை. தெரியாது என்பது நேற்று வேலைக்கு வந்த பிள்ளைக்குத் தெரிந்துவிடுமே என்பதுதான் பயம். அந்த முள்ளை அம்மையார் முதலிலேயே பிடுங்கிப் போட்டுவிட்டார்.

முதல் வாரப் பாடத்திலேயே, வாழ்நாள் முழுதும் கற்பவருக்கு வேண்டிய ஏழரைப் பழக்கங்கள் என்று ஓர் உரையைக் கேட்கச் செய்தார்கள். ஏழரை என்றதும் நம்மவர் சிரிப்பீர்கள். சனியனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கடைசி அரைப் பழக்கம் என்ன தெரியுமா? விளையாடிப் பார்ப்பது! பரிசும் உண்டு. குறித்த நாளுக்குள் 23-ஐயும் முடித்தவர் ஒவ்வொருவருக்கும் பாட்டுக் கேட்கும் எம்.பி.3 கருவி ஒன்று. முடித்தவர்களில் ஒருவருக்குக் குலுக்கலில் மடிக்கணினி. வளர்ந்தவர்களுக்கு மிட்டாய் காட்டுவதா என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்தக் கருவியே ஒரு பாடம். ஒலிப்புத்தகத்தை அதில் எப்படி ஏற்றுவது என்று வாசகர் கேட்டால், தம் கையில் வைத்துப் பழகியவர்தானே பதில் சொல்ல முடியும்?

அந்த 23-இல் ஒன்றைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். 'டேக்' என்கிறார்கள், குறிச்சொல் என்று வைத்துக்கொள்வோம். நாங்கள் நூலகர்கள் ஒரு புத்தகம் வந்தால் அதற்கு எண் கொடுப்போம், பொருள் தலைப்புக் கொடுப்போம். டூயி முறையில் சமையல் புத்தகம் 641.5. சமயம் என்றால் 200 முதல். இந்த எண்ணும் தலைப்பும் எங்கள் பாஷை. வாசகர் வந்து, "சுகர் உள்ளவங்க சாப்பிடுற மாதிரி பலகாரம் செய்ய ஏதாவது புஸ்தகம் இருக்கா?" என்றுதான் கேட்பார். அவர் பாஷையை எங்கள் பாஷைக்கு மாற்றுவதே எங்கள் தொழில். குறிச்சொல்லில் வாசகரே தம் சொல்லைப் புத்தகத்தின்மீது ஒட்டிவிடுகிறார். 'ரயிலில் படிக்க', 'பாட்டிக்குப் பிடித்தது' என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம். முதலில் இதைக் கேட்டு நூலகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். ஒழுங்கு கெடும் என்றார்கள். ஒழுங்கு கெடத்தான் செய்யும். ஒரே பொருளுக்குப் பத்துப் பேர் பத்துச் சொல் ஒட்டுவார்கள். எனினும் வாசகர் எந்தச் சொல்லால் தேடுகிறார் என்று தெரியாமல் முப்பது ஆண்டு பட்டியல் எழுதிய எங்களுக்கு, அந்தக் கலைந்த குவியல் ஒரு புதையல்தான்.

இதற்கு ஒரு பெரிய சான்றும் கிடைத்தது. வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகம் 2008 ஜனவரியில் தன் பழைய புகைப்படங்களில் ஏறக்குறைய 3,000 படங்களை ஃபிளிக்கர் தளத்தில் வைத்து, பொதுமக்களைக் குறிப்பு எழுதச் சொன்னது. அவற்றுள் பாதியளவு 1910-களை ஒட்டிய பத்திரிகைப் படங்கள். கண்ணாடித் தகட்டில் அவசரமாகக் கிறுக்கிய பெயரைத் தவிர வேறு விவரம் இல்லாதவை பல. பொதுமக்கள் என்ன செய்தார்கள்? இவர் இன்னார், இந்தத் தெரு இன்ன ஊரிலுள்ளது, இந்தப் பெயரில் எழுத்துப் பிழை என்று, பழைய செய்தித்தாள்களைத் தோண்டி எடுத்துச் சான்றோடு எழுதினார்கள். நூலகர்கள் அவற்றைச் சரிபார்த்து, நூற்றுக்கணக்கான படங்களின் பட்டியல் குறிப்பைத் திருத்தினார்கள். சரிபார்த்து என்ற சொல்லைக் கவனியுங்கள். வேலை போகவில்லை, வேலையின் வகை மாறிற்று.

இனி மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். புதிய கருவிகள் எல்லாம் எதைச் செய்யச் சொல்கின்றன? நீ என்ன படிக்கிறாய், யாரோடு பேசுகிறாய், எதை விரும்புகிறாய் என்று ஊருக்குச் சொல்லச் சொல்கின்றன. நூலகர் தொழில் தர்மமோ நேர் எதிரானது. யார் எந்தப் புத்தகத்தை எடுத்தார் என்பதை நூலகர் வெளியே விடக் கூடாது. அமெரிக்க நூலகச் சங்கம் 1939-லேயே இதைத் தன் ஒழுக்க விதிகளில் எழுதி வைத்திருக்கிறது. 2005-இல் கனெக்டிகட் மாநிலத்தில், ஒரு நூலகக் கணினியைப் பயன்படுத்தியவர் பற்றிய விவரம் வேண்டுமென்று அந்நாட்டு உளவுத் துறையான எஃப்.பி.ஐ. கடிதம் கொடுத்தது, கடிதம் வந்ததையே வெளியில் சொல்லக் கூடாது என்ற தடையும் சேர்ந்து வந்தது. நூலகக் கூட்டமைப்பொன்றின் பொறுப்பிலிருந்த நால்வர் பணிய மறுத்து வழக்காடினார்கள். 2006-இல் வாய்ப்பூட்டு நீங்கியது. விவரம் கேட்டதையும் அரசு கைவிட்டது. சார்லட் நகரில் நூலகர்கள் வலைப்பதிவு எழுதப் பழகிய அதே ஆண்டு! நூலகர் இரண்டையும் கற்க வேண்டியிருக்கிறது. ஃபேஸ்புக்கில் நூலகத்துக்குப் பக்கம் தொடங்கலாம், நல்லதுதான். ஆனால் இந்த மாதம் அதிகப் புத்தகம் எடுத்த வாசகர் இன்னார், அவர் படித்தவை இவை என்று அவரைக் கேளாமல் அங்கே போடுவது என் கணக்கில் துரோகம்.

இன்னொரு சங்கதி. அந்த 23-இல் கற்றுக்கொடுத்த கருவிகள் இப்போது எங்கே? பல தளங்களில் புதிதாக வருவதை ஒரே இடத்தில் கொண்டுவந்து தருகிற புளாக்லைன்ஸ் போயிற்று. அதே வேலைக்குப் பலர் பயன்படுத்திய கூகுள் ரீடரை 2013 ஜூலையில் மூடினார்கள். பிடித்த பக்கங்களைச் சேர்த்து வைக்கும் டெலிஷியஸ், கை மாறிக் கை மாறி, 2017-இல் புதுப் பதிவு ஏற்பதை நிறுத்திக்கொண்டது. ஃபிளிக்கரும் லைப்ரரிதிங்கும் இருக்கின்றன. அப்படியானால் அந்த ஒன்பது வாரமும் வீணா? கருவியை மட்டும் கற்றவருக்கு வீண். தெரியாத ஒன்றைத் திறந்து பார்க்கும் துணிவைக் கற்றவருக்கு அடுத்த கருவி பெரிய காரியமில்லை. அம்மையார் பாடத்திட்டத்தை யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று இலவசமாகவே விட்டுவிட்டார். 2008-இல் மின்னசோட்டாவிலும், 2010-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகர்களிடையேயும் என்று நூற்றுக்கணக்கான இடங்களில் அது நடந்தது. ஆங்காங்கே கருவியை மாற்றினார்கள், முறையை மாற்றவில்லை.

புதியதைக் கற்றால் போதும், பிழைப்புக்குக் கவலையில்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2010-இல், பொருளாதார நெருக்கடியின்போது, அதே சார்லட் நூலகத்தில் கிளைகள் மூடப்பட்டன, பணியாளர்கள் பலர் வேலை இழந்தார்கள். வலைப்பதிவு எழுதத் தெரிந்ததால் யாருடைய சம்பளமும் காப்பாற்றப்படவில்லை. நூலகத்துக்குப் பணம் ஒதுக்குவது ஆள்வோரின் கையில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குவது ஊர் மக்களின் கையில் இருக்கிறது.

நம் பாஷையிலும் ஒரு சான்று உண்டு. 23-இல் 'விக்கி' என்று ஒன்று: பலர் கூடி எழுதி, பலர் கூடித் திருத்தும் பக்கம். அதே விக்கி மென்பொருளில்தான் இலங்கைத் தமிழர்கள் 2005 முதல் 'நூலகம்' என்ற மின்னூலகத்தை வளர்த்து வருகிறார்கள். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சாம்பலான நூல்கள் ஏறத்தாழ 97,000. அந்த இழப்பை அறிந்த சமூகம், கிடைத்த புத்தகத்தை, சஞ்சிகையை, ஏன், கோயில் விழா மலர்களைக்கூட, பக்கம் பக்கமாகப் படமெடுத்து ஏற்றுகிறது. செய்கிறவர்களில் பலர் நூலகவியல் படித்தவர்கள் அல்லர், தன்னார்வத் தொண்டர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மண்டபத்தின் வாசலில், இடது பக்க மேசையில், நம் பங்கின் பழைய புகைப்படங்கள் பரப்பி வைக்கப்பட்டிருக்கின்றன. பெயர் தெரியாத முகங்கள் பல. ஒவ்வொரு படத்தின் அருகிலும் ஒரு தாளும் பென்சிலும் உண்டு. பெரியவர்கள் போகும்போது, அறிந்த முகமிருந்தால் பெயரையும் ஏறத்தாழ ஆண்டையும் தாளில் எழுதுங்கள்; படத்தின் பின்புறத்தில் எழுத வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் தெரியும். எழுத இயலாதவர்கள் சொன்னால் இளைஞர் குழுப் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். இளைஞர்களே, அவற்றைக் கணினியில் ஏற்றப் போவது நீங்கள். உயிரோடிருப்பவர் படமானால், வலையில் போடுமுன் அவரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மேசை இரவு எட்டு மணி வரை இருக்கும்.