வரியும் நம் தலையில், அபராதமும் நம் தலையிலா?

(விசைத்தறித் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



வரி என்றால் பணக்காரர் சமாசாரம், நமக்கென்ன என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கடையில் வாங்கும் ஒரு கட்டி சோப்புக்குள்ளும் வரி ஒளிந்திருக்கிறது. 2017 முதல் எட்டு வருஷம் சோப்புக்கும் தலை எண்ணெய்க்கும் 18 சதவீதம் வாங்கினார்கள். 2025 செப்டம்பர் 22ல்தான் அது 5 சதவீதம் ஆயிற்று. கூலிக்காரனும் ஆலை முதலாளியும் அதை ஒரே வீதத்தில் கட்டுகிறார்கள்.

இந்த விற்பனை வரிக்கும் நம் சேலத்துக்கும் பழைய உறவு உண்டு. 1937 அக்டோபர் 1ந் தேதி ராஜாஜி மந்திரிசபை மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் ஜில்லாவில்தான். நாமக்கல்லும் அன்று அதில் அடக்கம். குடியை நிறுத்தியது நல்ல காரியமே. ஆனால், கள், சாராய வருமானம் போனதை ஈடுகட்ட 1939ல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரி வந்தது. பிறகு நடந்தது என்ன? மதுக்கடை திரும்பி வந்தது. 2003 முதல் டாஸ்மாக் மூலம் சர்க்காரே சில்லறைக் கடை நடத்துகிறது. வரி மட்டும் போகவில்லை! 2007ல் வாட், 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. என்று பெயரை மாற்றிக்கொண்டது.

வரியோடு காகிதச் சுமையும் வருகிறது. பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு பக்கம் நாலு தறி வைத்துக் கூலிக்கு நெய்பவர் ஜி.எஸ்.டி. பதிவு செய்துவிட்டால், தறி ஓடாத காலத்துக்கும் கணக்குக் காட்ட வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் என்று ஆரம்பித்தார்கள். கூக்குரல் எழுந்த பிறகு, 2017 நவம்பரில் அதை 50 ஆகவும், வியாபாரமே நடக்காதவருக்கு 20 ஆகவும் குறைத்தார்கள். கணக்கு எழுதும் செலவு கடைசியில் எங்கே விழும்? தறி ஓட்டுபவர் கூலியில்தான்.

பான் அட்டையைப் பாருங்கள். ஆதாருடன் இணைக்காதவருக்கு 2022 ஜூலை முதல் 1,000 ரூபாய் அபராதம். 2023 ஜூன் 30க்குள் இணைக்காத அட்டை செயலிழந்தது. அந்த வருஷம் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நாள் கூலி 294 ரூபாய். கூலிக்காரருக்கு இது மூன்று நாளுக்கு மேற்பட்ட உழைப்பு. கோடீஸ்வரருக்கும் அதே 1,000 ரூபாய்தான்! 2023 ஜூலை முதல் 2024 ஜனவரி வரை இந்த வகையில் 600 கோடிக்கு மேல் வசூலானதாகப் பார்லிமெண்டில் சர்க்காரே சொன்னது.

மில் தொழிலாளிக்கும் இதில் பங்கு உண்டு. ஐந்து வருஷ சர்வீஸ் முடியாமல் 50,000 ரூபாய்க்கு மேல் பி.எஃப். எடுத்தால் 10 சதவீதம் பிடிப்பு. பான் இல்லையென்றால், 2023 ஏப்ரல் முதல், 20 சதவீதம். வருமான வரி கட்ட வேண்டாதவரும் அந்தப் பணத்தைத் திரும்பப் பெற ரிட்டர்ன் போட்டாக வேண்டும்.

பெரிய மனிதர்களுக்கு என்ன நியாயம்? 2015 பட்ஜெட்டில் சொத்து வரியை ரத்து செய்தார்கள். வசூலிக்கும் செலவு அதிகம், வருமானம் குறைவு என்றார் நிதி மந்திரி. பதிலுக்குப் பெரும் பணக்காரர் மீது 2 சதவீதக் கூடுதல் சர்சார்ஜ் போட்டார். சரி, ஆனால் 2019 செப்டம்பரில் கம்பெனி வரியை 30லிருந்து 22 சதவீதமாகக் குறைத்தார்கள். அந்தச் சலுகைகளால் வருஷத்துக்கு 1,45,000 கோடி நஷ்டம் என்று நிதி மந்திரியே கணக்குச் சொன்னார். செலவும் தொல்லையும் பார்த்துப் பணக்காரர் வரியை நீக்க முடியும் என்றால், ஏழையின் தொல்லையை ஏன் பார்க்கக்கூடாது?

ஆகவே நாம் கேட்பது இதுதான்: அபராதம் அவரவர் சக்திக்குத் தக்கபடி இருக்கட்டும். படிவம் தமிழில் இருக்கட்டும். அதை நிரப்பித் தரும் உதவி ஊர்தோறும் இலவசமாகக் கிடைக்கட்டும்.

அதுவரை நாமும் விழிப்பாக இருப்போம். பி.எஃப். எடுக்குமுன் சங்கத்துக்கு வாருங்கள். வரி கட்டும் அளவு வருமானம் இல்லை என்ற உறுதிமொழிப் படிவத்தைச் சேர்த்துக் கொடுத்தால் பிடிப்பிலிருந்து தப்பலாம். பான், ஆதார் நகலை முன்பின் தெரியாதவர் கையில் கொடுக்காதீர்கள். 200 ரூபாய் 50 ஆனது தனி ஆள் கேட்டதால் அல்ல. பலர் சேர்ந்து கேட்டதால்தான். இனியும் சேர்ந்தே கேட்போம்!