திரையில் மறைந்த கல்லெழுத்து

(ஒரத்தநாட்டில் நிகழ்ந்த பொழிவின் எழுத்து வடிவம்)



ஐரோப்பாவின் பால்டிக்குக் கடலோரத்தில் எசுத்தோனியா என்றொரு சிறுநாடு. அங்கு வாழ்வோர் ஏறத்தாழப் பதின்மூன்று நூறாயிரவர். நம் தஞ்சை மாவட்டத்து மக்கள்தொகையினும் குறைவு. அம்மக்கள் தம் விடுதலைப் போரைத் தம் தாய்மொழியிலேயே 2002-இல் திரைப்படமாக்கினர். 'பளிங்குப் பலகையில் பெயர்கள்' என்பது அதன் தலைப்பின் பொருள். 1918 முதல் 1920 வரை உருசியச் செம்படையை எதிர்த்து நடந்த போரில், பள்ளியை விட்டெழுந்து களம்புகுந்த மாணவர்களின் கதை அது. 1936-இல் ஆல்பர்ட்டு கிவிகாசு எழுதிய புதினத்தை எல்மோ நூகானென் இயக்கினார். கிவிகாசு மாணவப் பருவத்தில் அப்போரில் தாமே நின்றவர். பின்னர் உருசிய ஆட்சியில் அவர் நூல் தடுக்கப்பட்டது. அவரும் சுவீடனில் அடைக்கலம் புகுந்து அங்கேயே மறைந்தார். 1991-இல் நாடு மீண்டும் விடுதலை பெற்ற பின்னரே அக்கதை திரையேற முடிந்தது.

நமக்கும் புதினத்திலிருந்து ஒரு பெரும்படம் வாய்த்தது. 1950 முதல் 1954 வரை கல்கி தம் இதழில் எழுதிய பொன்னியின் செல்வனை, மணிரத்தினம் இரு பகுதிகளாக 2022-இலும் 2023-இலும் வெளியிட்டார். உரையாடல் செயமோகனுடையது. ஆங்கிலக் கலப்பில்லாத தமிழை இளைஞர் மூன்று மணிநேரம் சலிப்பின்றிக் கேட்டனர். நல்ல தமிழைத் திரையில் மக்கள் ஏற்கமாட்டார் என்று நெடுநாள் கூறிவந்தோர்க்கு இதனினும் விடை வேண்டுமா? ஆனால் விளம்பரத்தைப் பாருங்கள். அழகிய தமிழ்ப்பெயரை நறுக்கி, 'பி.எசு. ஒன்று' என ஆங்கில எழுத்தில் ஊரெங்கும் ஒட்டினர். பொன்னியும் போனாள், செல்வனும் போனான்! சோணாட்டுக் கதைக்குத் தாய்லாந்தும் ஐதராபாத்தும் குவாலியரும் களமாயின. அது பொருள்முதலீட்டார் பாடு, விட்டுவிடுவோம்.

விடமுடியாதது ஒன்றுண்டு. வீரபாண்டியன் தலைகொண்ட ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார்? கல்கியின் புதினத்தில் பாண்டியனுக்காகப் பழிவாங்கும் சூழ்ச்சிக் கூட்டம் வருகிறது. கொன்ற கை எதுவென்று கல்கி முடிச்சவிழ்க்காமல் விட்டார். திரைப்படமோ, நந்தினியின் முன் அவன் தானே சாவை வரவேற்றதாகக் காட்டிற்று. காதல் துயரில் கொலைப்பழி கரைந்து போயிற்று.

ஆனால் கல் பேசுகிறது. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயிலில், இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டு ஆணையைக் குறிக்கும் கல்வெட்டு உள்ளது. சோமன், இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழப் பிரமாதிராசன் ஆகியோரைக் கரிகாலனைக் கொன்ற இரண்டகர் என்று அது பெயர் சுட்டுகிறது. அவர்தம் உற்றார் உடைமைகளைப் பறிக்கவும் அரசாணை பிறந்தது. பிரமாதிராசன் என்பது பார்ப்பன அதிகாரிகட்குச் சோழர் வழங்கிய பட்டம். பாண்டியனை வென்ற இளவரசனை, சோழர் பட்டம் பெற்றவரே கொன்றனர் என்னும் செய்தி அங்குள்ளது. இவர்களை ஏவியவர் எவரென்று கல் கூறவில்லை. அறிஞரிடையே வழக்கு அங்கேதான். உத்தம சோழன் மேல் ஐயுற்றாரும் உண்டு. அதனை மறுத்தவருள் சதாசிவ பண்டாரத்தார் ஒருவர். கரிகாலன் மறைந்து பதினைந்தாண்டுக்கு மேல் கழிந்தே அவ்வாணை பிறந்தது என்பதும் எண்ணத்தக்கது. எந்தக் குலத்தையும் தூற்ற இது கூறப்படவில்லை. கல்லில் உள்ள பெயர்களைத் தமிழ்ப்பிள்ளைகள் அறியாதிருத்தல் தகுமா என்பதே கேள்வி.

வியப்பு யாதெனில், கல்கியின் கதை தொடங்குவதே வீராணத்து ஏரிக்கரையில்தான். வந்தியத்தேவன் குதிரையில் கடந்த அக்கரைக்கு அண்மையிலேயே இக்கல் நிற்கிறது. புதினத்தைப் பன்முறை படித்தோரும் அக்கோயிலுள் நுழைந்திலர். எசுத்தோனிய மாணவரின் பெயர்களைப் பளிங்குப் பலகையிலிருந்து திரைக்குக் கொணர்ந்தனர் அந்நாட்டார். இங்கோ கல்லிலிருந்த பெயர்கள் கதைக்குள் வேறு கோலம் பூண்டன. கற்பனை எழுதக் கல்கிக்கு உரிமையுண்டு. அவர் வரலாற்று நூல் எழுதவில்லை. வரலாற்றைத் திரையரங்கில் தேடியது நம் பிழை.

ஒரத்தநாட்டிலிருந்து தஞ்சை, குடந்தை, அணைக்கரை வழியே காட்டுமன்னார்கோயிலுக்குப் பேருந்தில் செல்லலாம். ஆண்டுதோறும் பள்ளிச் சுற்றுலா செல்லும் பிள்ளைகளை ஒருமுறை அங்கே அழைத்துச் செல்லுங்கள். பழைய எழுத்துப் படிக்கத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் உடன் செல்லட்டும்.