கண்ணாடியில் படிந்த கறை

ரொட்டி வாட்டும் சிறு மின்னடுப்பின் கண்ணாடிக் கதவில் நாளடைவில் பழுப்புக் கறை படிகிறது. நீரால் துடைத்தால் அது அசைவதில்லை. ஏன்?

தெறித்தபொழுது அது எண்ணெய். இப்பொழுது எண்ணெய் அன்று. வெப்பத்தினாலும் காற்றிலுள்ள பிராணவாயுவினாலும் அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, வார்னிஷ் போன்ற கெட்டிப் படலமாகிவிட்டன. இரும்புத் தோசைக்கல்லைப் பழக்கும்போது நாம் விரும்பி உண்டாக்குவதும் இத்தகைய படலந்தான். அங்கே அது குணம், இங்கே குற்றம்.

இதனைக் கம்பி நாரால் சுரண்டுவோர் உளர். அது தகாது என்பேன். இக்கதவுகள் பெரும்பாலும் சூடாக்கிச் சட்டெனக் குளிர்வித்து உறுதியாக்கப்பட்ட கண்ணாடியால் ஆனவை. ஆழமான கீறல் விழுந்தால், பின்னொரு நாள் கதவு முழுவதும் நொறுங்கிச் சிதறக்கூடும்.

வேறு வழி உண்டு. மின்தொடர்பை நீக்கி, அடுப்பை நன்கு ஆறவிடுங்கள். சமையல் சோடாவைச் சிறிது நீரில் குழைத்து, சூடேறும் கம்பிகளில் படாமல், கறையின்மீது பூசி, இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். காரத்தன்மையுள்ள சோடா கறையைச் சிறிது சிறிதாகத் தளர்த்தும். அதன் துகள்கள் கண்ணாடியைவிட மென்மையானவை. காலையில் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். எஞ்சியதற்கு மறுமுறையும் பூசுங்கள். சோடாவுடன் வினிகரைக் கலந்தால் நுரை பொங்கும். ஆனால் காரமும் அமிலமும் ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும். ஆகவே கலக்க வேண்டா.

காரம் கொழுப்பைச் சோப்பாக்கும் விதத்தை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் ஷெவ்ரெல் 1823-இல் அதனை நூலாக வெளியிட்டார். அந்த இரசாயன அறிவு அடுக்களைக் கண்ணாடிக்கும் உரியது. கறையின் இயல்பை அறிந்தால் கைவலிமை மிகுதியாக வேண்டுவதில்லை. ஓர் இரவுப் பொறுமை வேண்டும்.