தேர்வுத்தாளில் இடம்பெறாத அறிவு

இன்று பட்டம் பெறும் பொறியியல் மாணவர்களின் மதிப்பெண் பட்டியலில் சொல்லுக்கும் எண்ணுக்கும் கிடைத்த இடம், ஒரு பொருளின் வடிவத்தை மனத்துக்குள் நிறுத்தித் திருப்பியும் வெட்டியும் பார்க்கும் திறனுக்குக் கிடைப்பதில்லை. முதலாண்டு வரைபடத் தாளோடு அதன் கணக்கு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. காட்சி-வெளித் திறன் எனப்படும் இதனை ஹோவர்டு கார்ட்னர் 1983-இல் தனித்ததோர் அறிவு வகையாக வரிசைப்படுத்தினார்; அவரது வகைப்பாட்டை ஏற்காத உளவியலாளர்களும் இத்திறன் உண்டென்பதை மறுப்பதில்லை.

இத்திறன் அளக்கப்பட்டுவிட்டதே அவர்கள் மறுக்காததற்குக் காரணம். 1971-இல் ரோஜர் ஷெப்பர்டும் ஜாக்குலின் மெட்ஸ்லரும் கனசதுரங்களை ஒட்டி அமைத்த உருவங்களின் படங்களை இரண்டிரண்டாகக் காட்டி, இரண்டும் ஒன்றேயா என்று கேட்டனர். உருவம் திரும்பியிருந்த கோணம் கூடக்கூட விடைக்கான நேரமும் சீராக நீண்டது. நொடிக்கு ஏறத்தாழ 60 பாகை வீதம் மனம் உருவத்தைச் சுழற்றிப் பார்க்கும் இச்செயல் மனச்சுழற்சி எனப்படுகிறது.

சொற்றிறனுக்கே மிகுதியாக இடமளித்த நுண்ணறிவுத் தேர்வைக் கொண்டு 1921-இல் உளவியலாளர் லூயிஸ் டெர்மன் கலிபோர்னியாவில் மேதைச் சிறாரைத் தேடியபோது, வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் அல்வாரெசும் தேறவில்லை. பின்னாளில் முறையே 1956-லும் 1968-லும் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர்கள் அவர்களே, தேறிய ஆயிரத்தைந்நூறுக்கும் மேற்பட்டோரில் எவருமில்லை. வெளித்திறனையும் அளந்திருந்தால் இருவரும் தேறியிருப்பர் என்று அறுதியிட முடியாதெனினும் தேறியிருக்கலாமோ என்ற ஐயம் நியாயமானது; நாளை ஊழியரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் அமரப்போகும் பட்டதாரிகளுக்கு அது மிகவும் உரியது.

இத்திறனைப் பிறவிக்கொடை என்று ஒதுக்கும் வழக்கமும் பொருந்தாது. மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஷெரில் சோர்பியும் அவருடன் பணியாற்றியோரும் 1993-இல் தொடங்கிய வகுப்பில், சுழற்சித் தேர்வில் பின்தங்கிய முதலாண்டு மாணவர்கள் கட்டைகளை அடுக்கியும், முன்தோற்றம் மேல்தோற்றம் ஆகியவற்றைக் கையால் வரைந்தும் பழகினர். அவர்களின் மதிப்பெண் உயர்ந்ததோடு, பொறியியலைக் கைவிடாமல் நீடித்த பெண்களின் விகிதமும் கூடியது. பெண்களுக்கு இத்திறன் இயல்பிலேயே குறைவு என்போர் தமிழகத்து வாசல்களையும் பார்க்கலாம்: புள்ளிகளைச் சுற்றி ஓடும் சிக்குக் கோலத்தின் கோடு தொடங்கிய இடத்துக்கே வந்து சேர, போடுபவர் அடுத்தடுத்த வளைவுகளை முன்கூட்டியே மனத்தில் கண்டிருக்க வேண்டும். சென்னை கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் ஆய்ந்தோரும் 1974-இல் இக்கோலங்களைக் கணினியியலுக்குரிய இலக்கணமாக, அதாவது குறிகளைக் கட்டங்களில் அடுக்கி உருவம் பிறப்பிக்கும் விதித்தொகுதியாக, எழுதிக் காட்டினர்.